கீழ்பென்னாத்தூரிலிருந்து விமான அருங்காட்சியகத்துக்கு: ஐந்து விமானம், ஐந்து கேள்வி

கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்முன்னே ஓடுவது 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கிழக்கே போனால் செஞ்சி, திண்டிவனம். மேற்கே போனால் திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் சாலையைப் பிடித்து ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. நாம் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய விமான அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், அதாவது எச்.ஏ.எல்., 2001இல் திறந்த அருங்காட்சியகம் அது. மொத்தப் பரப்பு சுமார் 4 ஏக்கர். டெல்லியின் பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தோடும் கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தோடும் ஒப்பிட்டால், நம் ஊரிலிருந்து எட்டும் தூரம் இதுதான்.

முதல் முறை மாணவர்களை அழைத்துப் போனபோது நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டோம். எல்லா விமானத்தின் முன்னும் படம் எடுத்தோம். திரும்பும் வழியில், "விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் செய்த விமானம் எது?" என்று பஸ்ஸில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர்ப் பலகையைப் பார்க்காமல் எனக்கும் சொல்ல வரவில்லை. அடுத்த முறை ஐந்து விமானங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியோடு போனோம். மூன்று மணி நேரம் போதவில்லை.

இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது முறையைக் கற்றுத்தருகிறது. வீட்டுப் பிள்ளைகளோடு போகிறவருக்கும், பள்ளிக் குழுவை அழைத்துப் போகும் ஆசிரியருக்கும், தனியாகப் போகும் மெக்கானிக்குக்கும் இதே முறை பொருந்தும்.

போவதற்கு ஒரு வாரம் முன்

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். கிரிவல நாளிலும் அதற்கு முன்பின் நாட்களிலும் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இடம் கிடைக்காது, போக்குவரத்தும் திருப்பிவிடப்படும். கார்த்திகை தீப வாரத்தில் நினைக்கவே வேண்டாம். பெங்களூரு நெரிசலைக் கணக்கில் கொண்டால் சனி அல்லது ஞாயிறு நல்லது.

2. திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்பது வழக்கமான நேரம். ஆனாலும் விடுமுறை நாள், கட்டணம், கேமராக் கட்டணம் மூன்றும் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு முறை விசாரியுங்கள். 220 கிலோமீட்டர் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதைவிட ஒரு போன் மேல்.

3. பள்ளிக் குழு என்றால் கடிதம் கொடுங்கள். பள்ளியின் முகவரித்தாளில் மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர்கள், வரும் தேதி ஆகியவற்றை எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கையோடு வைத்திருங்கள்.

4. கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். இந்த அத்தியாயத்தில் உள்ள ஐந்து கேள்விகளையும் பக்கத்துக்கு ஒன்றாக எழுதி, கீழே படம் வரைய இடம் விடுங்கள். பயணத்தின் பாதிப் பலன் இந்த நோட்டில் இருக்கிறது.

5. ஆளுக்கு ஒரு விமானம் பிரித்துக்கொடுங்கள். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஒருவருக்கு ஒன்று. பள்ளி என்றால் நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று. அந்த விமானத்தைப் பற்றி மற்றவர்களுக்கு விளக்குவது அவர்கள் பொறுப்பு.

எடுத்துப்போக வேண்டியவை

- ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, பள்ளி அடையாள அட்டை
- நோட்டு, பென்சில், ஒரு முழ நூல் (அளவு பார்க்க)
- தண்ணீர், தொப்பி அல்லது துண்டு
- வேகவைத்த மல்லாட்டை, இட்லி, புளிசாதம் போன்ற கெடாத சாப்பாடு
- வாந்தி வருபவர்களுக்கு மாத்திரையும் பிளாஸ்டிக் பையும்
- சில்லறை: ஆட்டோவுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நுழைவுச் சீட்டுக்கும்

குறிப்பு: விமானங்களில் பல திறந்தவெளியில் நிற்கின்றன. மதியம் தரையும் உலோகமும் சுடும். ரப்பர் செருப்பைவிட ஷூ நல்லது.

போகும் வழி

*பஸ்ஸில்*

1. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து பெங்களூரு பஸ் பிடியுங்கள். புதுச்சேரி, திண்டிவனம் பக்கமிருந்து நம் ஊர் வழியாகவே பெங்களூரு போகும் பஸ்ஸும் உண்டு. கூட்டமாக இருந்தால் நிறுத்துவார்கள் என்று நம்ப முடியாது. திருவண்ணாமலையிலேயே ஏறுவது பாதுகாப்பு.

2. பஸ் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் சாலை வழியாக நகருக்குள் நுழையும். கடைசி நிறுத்தம்வரை போக வேண்டாம். சில்க் போர்டு சந்திப்பில் இறங்குங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள்.

3. சில்க் போர்டிலிருந்து வெளிவட்டச் சாலையில் ஓடும் 500 வரிசை டவுன் பஸ்ஸில் ஏறி மாரத்தஹள்ளி பாலத்தில் இறங்குங்கள்.

4. அங்கிருந்து பழைய விமான நிலையச் சாலையில் நகரின் மையத்தை நோக்கிச் செல்லும் பஸ் அல்லது ஆட்டோவில் சில நிமிடம். "எச்.ஏ.எல். மியூசியம்" என்று சொன்னால் போதும். கன்னடத்தில் கேட்க வேண்டுமென்றால், "எச்.ஏ.எல். மியூசியம் எல்லிதெ?" என்று கேளுங்கள். அந்தப் பகுதியில் தமிழிலேயே பதில் வர வாய்ப்பு அதிகம்.

குறிப்பு: ஓசூர் சாலையில் நெரிசல் கடுமையாக இருந்தால், பொம்மசந்திராவில் பஸ் நிற்கும்போது இறங்கி மெட்ரோவுக்கு மாறலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் அங்கிருந்து சில்க் போர்டு வழியாகவே போகிறது.

*ரயிலில்*

திருவண்ணாமலை ரயில் நிலையம் விழுப்புரம்–காட்பாடி பாதையில் உள்ளது. ரயிலிலோ, போளூர் வழியாக பஸ்ஸிலோ காட்பாடி போய், பெங்களூரு ரயிலில் ஏறி கிருஷ்ணராஜபுரம் நிலையத்தில் இறங்குங்கள். ஏறும் ரயில் அங்கே நிற்குமா என்று பார்த்துச் சீட்டு எடுங்கள். அங்கிருந்து மாரத்தஹள்ளி வெளிவட்டச் சாலையில் நேர் வழி. வயதானவர்களுக்கு ரயில்தான் வசதி.

*வேனில்*

வேன் பேசும்போது வாடகையை விசாரிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கர்நாடகா பர்மிட் யார் போடுவது?" அது வாடகையில் சேருமா, தனியா என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். அதிகாலையில் எல்லையில் நின்றுகொண்டு இதைப் பேச நேர்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். முதல் நாள் இரவு ஓட்டுநர் தூங்கினாரா என்று விசாரிப்பதும் உங்கள் கடமை. போக வர 440 கிலோமீட்டர் அவர் ஓட்டப் போகிறார்.

ஒரு நாள் அட்டவணை

- அதிகாலை 4:00 – திருவண்ணாமலையிலிருந்து புறப்பாடு
- 7:00 – கிருஷ்ணகிரி அருகே காலை உணவு
- 10:00 – சில்க் போர்டு
- 11:00 – அருங்காட்சியகம்
- 1:00 – மதிய உணவு, நிழலில் ஓய்வு
- 1:45 – இரண்டாம் சுற்று
- 3:00 – புறப்பாடு
- இரவு 10:00 – வீடு

மூன்று மணிக்குக் கிளம்புவதில் கண்டிப்பாக இருங்கள். ஐந்து மணிக்கு வெளிவட்டச் சாலையில் மாட்டினால் வீடு சேர நள்ளிரவு தாண்டும்.

வாசலில் செய்ய வேண்டியவை

1. சீட்டு எடுக்கும்போதே படம் எடுக்க அனுமதி உண்டா, எங்கே கூடாது என்று கேளுங்கள்.
2. விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் அன்று இயங்குகிறதா என்று கேளுங்கள். இயங்கினால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.
3. கழிவறை, குடிநீர், சாப்பிடும் இடம் எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.
4. தொலைந்தால் கூடும் இடம் ஒன்றை முடிவு செய்யுங்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பெரிய விமானத்தின் வால் பக்கம் சரியான இடம்.

ஒரு விமானத்தைப் பார்க்கும் முறை

எந்த விமானத்தின் முன் நின்றாலும் இந்த நான்கு படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தூரத்திலிருந்து முழு உருவம். இருபது அடி தள்ளி நின்று இறக்கை நேராக இருக்கிறதா, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாகப் பறப்பதற்கு நேர் இறக்கை, ஒலியின் வேகத்தை நெருங்குவதற்குச் சாய்ந்த இறக்கை என்று ஓரளவுக்குக் கணக்கு வைக்கலாம்.

2. ஒரு சுற்று. மூக்கிலிருந்து வால்வரை நடந்து மறுபக்கமாக மூக்குக்கே வாருங்கள். நடுவில் நிற்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம்.

3. அசையும் பாகங்கள். இறக்கையின் பின்விளிம்பில் வெளிப்பக்கம் இருப்பது ஏலிரான். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலில் படுக்கையாக இருப்பது எலிவேட்டர்; மூக்கை ஏற்றி இறக்கும். நிற்கும் வாலின் பின்பகுதி ரடர்; மூக்கை இடம் வலம் திருப்பும். இந்த மூன்றையும் கண்டுபிடித்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். சில வேக விமானங்களில் வாலின் படுக்கைப் பகுதி முழுவதுமே அசையும், அதையும் கவனியுங்கள்.

4. தோல். தகடுகள் சேரும் இடத்தில் ரிவெட் வரிசையைப் பாருங்கள். அதன் தலை துருத்தி நிற்கிறதா, தகட்டோடு தகடாகப் படிந்திருக்கிறதா? வேக விமானத்தில் பெரும்பாலும் படிந்திருக்கும், காற்று தடையில்லாமல் வழுக்கிப் போவதற்காக. இந்த வரிசையை நேராகப் பிடித்து அடித்தது ஒரு பட்டறைத் தொழிலாளியின் கை. வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து விமானம், ஐந்து கேள்வி

காட்சிப் பொருள்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். ஆகவே நிற்கும் வரிசையைப் பின்பற்ற வேண்டாம். பெயர்ப் பலகையைத் தேடி, கீழே உள்ள வரிசையில் பாருங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் படிக்கட்டு.

*1. எச்.டி.–2: வால் ஏன் தாழ்ந்திருக்கிறது?*

எச்.ஏ.எல். நிறுவனத்தை 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கியவர் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த். இரண்டாம் உலகப்போரின்போது அந்தத் தொழிற்சாலை போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடமாக ஆனது. போர் முடிந்து, நாடு விடுதலை பெற்று, நம்மவர்களே வடிவமைத்த பயிற்சி விமானம் எச்.டி.–2. வடிவமைப்பை நடத்தியவர் டாக்டர் வி.எம். காட்கே. முதல் பறப்பு 1951.

இதற்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சிறு சக்கரம். மூக்கு உயர்ந்து நிற்பதால் ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்காது. ஆனால் தரையில் ஓடும்போது ஓட்டுபவருக்கு நேர் முன்னால் பாதை தெரியாது. ப்ரொப்பெல்லர் முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்து நோட்டில் எழுதுங்கள்.

*2. கிரண்: ஆசிரியர் எங்கே உட்கார்ந்தார்?*

எச்.டி.–2இல் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். 1964இல் முதலில் பறந்த கிரண் ஜெட் பயிற்சி விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில். கையைப் பிடித்துச் சொல்லித்தர அந்த அமைப்பு வசதி. அதற்காக விமானத்தின் முன்பகுதி எவ்வளவு அகன்றுவிட்டது என்று பாருங்கள். இந்திய விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழு 1996இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பறந்தது இந்த விமானத்தில்தான்.

*3. மாருத்: இடுப்பு ஏன் ஒடுங்கியிருக்கிறது?*

இந்த விமானத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எச்.எப்.–24 மாருத், இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். வடிவமைப்புக் குழுவுக்குத் தலைவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். உலகப்போர்க் காலத்து ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

பக்கவாட்டில் நின்று உடலின் நடுப்பகுதியைப் பாருங்கள். இறக்கை சேரும் இடத்தில் உடல் ஒடுங்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, விமானத்தின் மொத்தப் பருமன் மூக்கிலிருந்து வால்வரை சீராக மாறினால் காற்றின் எதிர்ப்பு குறையும். இறக்கையால் கூடும் பருமனை உடலை ஒடுக்கி ஈடுகட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, காக்பிட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் காற்று நுழையும் வாயைப் பாருங்கள். உள்ளே இரண்டு ஆர்ஃபியஸ் இன்ஜின்கள். இந்த உடல் ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்துக்காக வரையப்பட்டது. அதற்கேற்ற இன்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆகவே ஒலியின் வேகத்தை ஒட்டியே பறந்தது. ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில் இந்த விமானங்கள் தாக்குதலில் இறங்கின. விமானத்தின் உடலைச் செய்வது ஒரு வேலை, இன்ஜினைச் செய்வது அதைவிடக் கடினமான வேலை என்ற பாடத்தை மாருத் இன்றும் நின்றபடி சொல்கிறது.

சுரஞ்சன் தாஸ் 1970இல் ஒரு மாருத் விபத்தில் இறந்தார். பழைய விமான நிலையச் சாலைப் பகுதியில் சுரஞ்சன் தாஸ் சாலை என்ற பலகையைப் பார்த்தால், அந்தப் பெயர் யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

*4. அஜீத்: எரிபொருள் எங்கே?*

அஜீத் ஒரு டவுன் பஸ்ஸைவிட நீளம் குறைந்தது. பக்கத்தில் நின்று உயரத்தை ஒப்பிடுங்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பான நேட் விமானத்தை எச்.ஏ.எல். பல ஆண்டுகள் கட்டியது. பிறகு அதை மேம்படுத்தி அஜீத் என்று பெயரிட்டது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்வெளியில் நேட் ஓட்டிப் போரிட்டு உயிர் நீத்த நிர்மல்ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்திய விமானப்படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

இத்தனை சிறிய விமானத்தில் எரிபொருள் எங்கே? அஜீத்தில் இறக்கைக்குள்ளேயே எரிபொருள் இருக்கும். அதனால் இறக்கையடியில் கூடுதல் டாங்க் தொங்கும் இடம் ஆயுதத்துக்குக் கிடைத்தது. இறக்கையின் தடிமனைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்துவிட்டு, இதற்குள்ளா என்று யோசியுங்கள்.

*5. மிக்–21: மூக்கில் ஏன் கூம்பு?*

மாருத்துக்குப் பக்கவாட்டில் இருந்த வாய், மிக்–21இல் நேர் மூக்கிலேயே இருக்கிறது. வாயின் நடுவில் ஒரு கூம்பு. ஒலியைவிட வேகமாகப் போகும்போது வரும் காற்றை அப்படியே இன்ஜினுக்குள் விட முடியாது. வேகத்தைக் குறைத்து அனுப்ப வேண்டும். அந்த வேலையைக் கூம்பு செய்கிறது. 1963இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்–21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நடந்த விழாவோடு ஓய்வுபெற்றது. 62 ஆண்டுகள். உங்கள் தாத்தா பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்ந்து, நீங்கள் இதைப் படிக்கும் காலத்தில் ஓய்வுபெற்ற விமானத்தின் முன் நிற்கிறீர்கள்.

*நேரம் மிச்சமிருந்தால்*

கான்பெரா குண்டுவீச்சு விமானத்தைப் பாருங்கள். அதுவும் 2007வரை சுமார் ஐம்பது ஆண்டுகள் சேவையில் இருந்தது. ஆளில்லாமல் பறக்கும் லக்‌ஷ்யாவையும் தேடுங்கள். வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்காகப் பறக்க பெங்களூருவில் உருவாக்கியது. நம் ஊர் வயலில் நெல்லுக்கு மருந்தடிக்கும் ட்ரோனைப் பார்த்த பிள்ளைகளுக்கு லக்‌ஷ்யா உடனே பிடித்துவிடும்.

இன்ஜின் கூடத்தில்

உள்ளரங்கில் 1940 முதலான வளர்ச்சியைக் காட்டும் புகைப்படங்களும், அடுத்து இன்ஜின்களும் உள்ளன. புகைப்படங்களைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். நேரத்தை இன்ஜின்களுக்குக் கொடுங்கள்.

வெட்டித் திறந்து காட்டியிருக்கும் ஜெட் இன்ஜினின் முன் நின்று இந்த வரிசையில் விரலை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம்.

1. முன்வாய் – காற்றை உறிஞ்சுகிறது
2. பல அடுக்கு இலைகள் – காற்றை நெருக்குகின்றன
3. எரியும் அறை – எரிபொருள் கலந்து எரிகிறது
4. டர்பைன் – வெளியேறும் சூட்டில் சுழன்று, முன்னால் உள்ள இலைகளைச் சுழற்றுகிறது
5. பின்வாய் – வேகமாக வெளியேறும் காற்று விமானத்தை முன்னே தள்ளுகிறது

கிணற்றடி டீசல் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவருக்கு இது எளிது. அங்கேயும் உறிஞ்சுவது, நெருக்குவது, எரிப்பது, தள்ளுவது என்ற நான்கு வேலைகள்தான். பம்புசெட் இன்ஜினில் நான்கும் ஒரே சிலிண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஜெட் இன்ஜினில் நான்கும் நான்கு இடங்களில், ஒரே நேரத்தில், இடைவிடாமல் நடக்கும். இந்த ஒரு ஒப்பீட்டைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கூடத்தில் உள்ள மற்ற இன்ஜின்களை அவர்களே படித்துவிடுவார்கள்.

இங்கே நிற்கும்போது ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே நீண்ட நேரம் செலவழித்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். படிப்பை முடித்ததும் அவர் பயிற்சிக்கு வந்தது இதே எச்.ஏ.எல்.லுக்கு; விமான இன்ஜின்களைப் பிரித்துச் செப்பனிடுவது அங்கே அவர் வேலை. அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது இரண்டே விமானங்களை.

பாதுகாப்பு

- ஏறாதீர்கள், தொங்காதீர்கள். பழைய இறக்கைத் தகடு உங்கள் எடையைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். விழுந்தால் கீழே சிமெண்ட் தரை.
- தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கையின் பின்விளிம்பும், மூக்கிலிருந்து நீளும் வேகம் அளக்கும் கம்பியும் கண் உயரத்தில் இருக்கும். பிள்ளைகள் விமானத்தடியில் ஓடுவதை முதலிலேயே தடுங்கள்.
- துவாரங்களில் கை விடாதீர்கள். காற்று வாய், சக்கரக் குழி, சிறு ஓட்டைகள் எதிலும் கூடாது. உள்ளே கூர்மையான தகடுகள் உண்டு. குளவி கூடு கட்டியிருக்கலாம்.
- வெயிலில் நின்ற உலோகத்தைத் தொடாதீர்கள். மதியம் 12 முதல் 2 வரை உள்ளரங்கிலோ நிழலிலோ இருங்கள்.
- ஓடுபாதைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அருகில் உள்ளது இன்றும் இயங்கும் விமானத்தளமும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையும். அறிவிப்புப் பலகைகளுக்குக் கட்டுப்படுங்கள். ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம்.
- சாலையைக் கடக்கும்போது பிள்ளைகளைக் கைகோத்து அழைத்துப் போங்கள். அந்தச் சாலையில் வண்டிகள் நிற்காது.
- அவசரம் என்றால் 112, ஆம்புலன்சுக்கு 108. இரண்டும் கர்நாடகத்திலும் செல்லும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

1. "ஏர்போர்ட்" என்று சொல்லி ஆட்டோவில் ஏறுவது. பெங்களூருவின் பயணிகள் விமான நிலையம் 2008 மே மாதத்தில் தேவனஹள்ளிக்கு மாறிவிட்டது. அது நகரின் வடக்கே வெகு தூரம். "பழைய ஏர்போர்ட் ரோடு, எச்.ஏ.எல். மியூசியம்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

2. விமானக் கண்காட்சியோடு குழப்பிக்கொள்வது. விமானங்கள் வானில் சாகசம் செய்யும் ஏரோ இந்தியா, எலஹங்கா விமானப்படைத் தளத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது. அருங்காட்சியகத்தில் விமானம் பறக்காது. பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

3. படம் எடுப்பதில் தொடங்குவது. முதல் சுற்றில் போன் பையில் இருக்கட்டும். கேள்விக்கு விடை எழுதிய பிறகு, அந்த விடையைக் காட்டும் பாகத்தைப் படம் எடுங்கள்: வால் சக்கரம், கூம்பு, ரிவெட் வரிசை.

4. சிமுலேட்டர் வரிசையில் முதலில் நிற்பது. விமானத்தைப் பார்த்து, ஏலிரானும் எலிவேட்டரும் எது என்று தெரிந்தபின் கைப்பிடியைப் பிடித்தால், கை செய்வது மனதுக்குப் புரியும்.

5. ஒரே நாளில் மற்ற இடங்களையும் சேர்ப்பது. கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் அருமையான இடம். ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னொரு நாள் வேண்டும். இரவு தங்கினால் மட்டும் சேருங்கள்.

சிறு பிள்ளைகள், முதியவர்கள்

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஐந்து கேள்வி அதிகம். "எத்தனை சக்கரம்?" என்று மட்டும் கேளுங்கள், எல்லா விமானத்துக்கும் எண்ணிக்கொண்டே வருவார்கள். முதியவர்களுக்கு ஒரு சுற்று போதும். நிழலில் உட்காரவைத்து, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். சொல்லும்போதுதான் பிள்ளைக்கு எது புரிந்தது என்று தெரியவரும்.

திரும்பும்போதும், வந்த பின்னும்

1. அன்றிரவே பஸ்ஸில் ஆளுக்கு ஒரு விமானத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லட்டும். பெயர், ஆண்டு, கேள்வி, விடை, இன்னும் புரியாதது.
2. அடுத்த நாள் நினைவிலிருந்து அந்த விமானத்தை வரையட்டும். பிறகு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். எந்தப் பாகம் விடுபட்டதோ, அதை அவர்கள் பார்க்கவில்லை.
3. ஒரு வாரத்துக்குள் பயணத்துக்கு வராத ஒருவருக்கு விளக்குங்கள். பள்ளியில் வகுப்புத் தோழனாக இருக்கலாம், பட்டறை அண்ணனாக இருக்கலாம், வயலில் இன்ஜின் ஓட்டும் பெரியப்பாவாக இருக்கலாம். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் அதை நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.

என் இரண்டாவது பயணத்துக்குப் பிறகு ஒரு மாணவன் இந்த மூன்றாம் படியைத் தன் பெரியப்பாவின் கிணற்றடியில் செய்தான். ஜெட் இன்ஜினில் நான்கு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று அவன் சொன்னதும், "அப்படின்னா அதை முதல்ல எப்படி ஸ்டார்ட் பண்ணுவாங்க?" என்று அவர் கேட்டாராம். அவனிடம் விடை இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். எங்கள் அடுத்த பயணத்துக்கு அதுதான் முதல் கேள்வி.